பௌர்ணமிக்கு ஒரு பச்சைச் சீட்டு

போன வாரம் திவ்யா போன் பண்ணினாள். செங்கம் ரோட்டு ஆபீசில் நான் உட்கார்ந்திருந்த நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவள் அவள்தான். நான் ரிட்டயர் ஆகி இரண்டு வருஷம் ஆகிறது. அந்த நாற்காலியின் இடது பக்கச் சக்கரம் ஆடும். அதைப் பற்றிக் கேட்கத்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்தேன்.

"அக்கா, பழைய ப்ரோக்ராம் மொத்தத்தையும் மாத்தறோம். இப்பல்லாம் டெஸ்ட்டை நாம உக்காந்து எழுதவே தேவையில்ல, கம்ப்யூட்டரே எழுதிக் குடுத்துடுது. டீ குடிச்சிட்டு வர்றதுக்குள்ள ஆயிரம் டெஸ்ட்டுக்கா!"

"சந்தோஷம்டி. அதைச் சொல்லத்தான் கூப்டியா?"

"இல்லக்கா. ரிசல்ட் ஃபேக்டரியில உங்க குறிப்பு ஒண்ணு இருக்குது. 'என்னைக் கேட்காமல் இதில் ஒரு வரியும் சேர்க்காதீர்கள். உ.'னு போட்டிருக்கீங்க. நீங்கதான் ரிட்டயர் ஆயிட்டீங்களே, தூக்கிடலாமானு கேக்கச் சொன்னாங்க."

"தொட்ட, கையை ஒடிச்சிடுவேன்" என்றேன்.

அவள் கலகலவென்று சிரித்தாள். என் கோபத்துக்கு அந்த ஆபீசில் யாரும் பயந்ததில்லை. பால் பொங்குகிற மாதிரி பொங்கி அடங்கிவிடும் என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் போனை வைத்த பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் குறிப்பு ஏன் அங்கே இருக்கிறது என்று தெரிந்தவர்கள் இப்போது அந்த ஆபீசில் யாரும் இல்லை. 'ஒரு வாரம் பொறு, எழுதி அனுப்புகிறேன்' என்று திவ்யாவுக்கு மெசேஜ் போட்டேன். அதைத்தான் இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன்.

என் பேர் உண்ணாமலை. அடி அண்ணாமலையில் எங்கள் தெருவில் மட்டும் நாலு உண்ணாமலை இருந்தோம். மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போடும் குடும்பம். பி.எஸ்சி. கணக்கு முடித்தேன், கல்யாணம் ஆயிற்று, இரண்டு பெண் குழந்தைகள். முப்பத்தைந்து வயதில் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் என்னில் பாதி வயசுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து படித்தேன். "என்னாத்துக்கு இந்த வயசுல?" என்று கேட்டவர்களுக்கெல்லாம் பதில் சொல்லிச் சொல்லியே வாய் நீண்டுவிட்டது. அடுத்த வருஷமே வேலை கிடைத்தது. படித்த கதை அவ்வளவுதான்.

வேலை கிடைத்த ஆபீஸ் ஆசிரமத்துக்குக் கொஞ்சம் முன்னால், ஒரு மாடியில் இருந்தது. கீழே வெள்ளைக்காரர்கள் வந்து உட்காரும் காபிக் கடை. காலையில் படியேறும்போதே ரொட்டி வேகிற வாசனை வரும். டிபன் சாப்பிட்டுவிட்டுத்தான் வந்திருப்பேன், அப்படியும் பசிக்கும். நாங்கள் பன்னிரண்டு பேர். ரத்தப் பரிசோதனை லேப்புகளுக்கு சாஃப்ட்வேர் செய்தோம். ரத்தத்தை மிஷினில் வைத்தால் அது சொல்லும் எண்ணை எங்கள் சாஃப்ட்வேர் வாங்கி, நோயாளியின் பேருக்கு நேராகப் போட்டு, ரிப்போர்ட்டாக அச்சடித்துக் கொடுக்கும். கையால் எழுதி எழுதித் தப்பு வந்துகொண்டிருந்த லேப்புகளுக்கெல்லாம் அது பெரிய வரம்.

சாஃப்ட்வேர் சரியாக வேலை செய்கிறதா என்று சோதிப்பது என் வேலை. என் மேலதிகாரி ரியாஸ் சார். ஆற்காட்டுக்காரர். என்னைவிட எட்டு வயது சின்னவர். நான் அவரை சார் என்பேன், அவர் என்னை அக்கா என்பார். சத்தமாகப் பேசி நான் கேட்டதே இல்லை. ஒரு ப்ரோக்ராமைப் படிக்க உட்காரும் முன் முழுக்கைச் சட்டையை இரண்டு மடிப்பு மடித்து விட்டுக்கொள்வார், சாப்பிட உட்காருகிறவர் மாதிரி. படித்து முடித்ததும் மடிப்பை இறக்கிப் பொத்தான் போட்டுக்கொள்வார். பொத்தான் போட்டுவிட்டால் வேலை முடிந்தது, தப்பு ஒன்றும் இல்லை என்று அர்த்தம். கையை மடித்தபடியே எழுந்து வந்தால் எவனோ மாட்டினான் என்று நாங்கள் கண்ணால் பேசிக்கொள்வோம்.

அவரிடம் ஒரே ஒரு கேள்விதான் உண்டு. "பாத்தீங்களா, நெனச்சீங்களா?" ஒரு வேலை முடிந்தது என்று யார் போய்ச் சொன்னாலும் இதைக் கேட்பார். முடிந்திருக்கும் என்று நினைத்தேன் என்றால், "சரி, போய்ப் பாத்துட்டு வாங்க" என்று அனுப்பிவிடுவார். எரிச்சலாக வரும் எனக்கு. ஒருநாள், "சார், மத்தியானம் சாப்பிட்டேன், பாத்துதான் சாப்பிட்டேன், நெனச்சிச் சாப்பிடல" என்று அவர் கேட்பதற்கு முன்பே சொன்னேன். மனிதர் வாய்விட்டுச் சிரித்தார். ஆனால் சாயங்காலம் மறுபடியும் அதே கேள்விதான்.

ரிசல்ட் ஃபேக்டரி அவருடைய யோசனை. அதற்கு முன்னால் எங்கள் சோதனைகள் தறிகெட்டுக் கிடந்தன. ஒவ்வொரு சோதனையும் தன் முடிவைத் தானே எழுதும். எங்களோடு வேலை செய்த கார்த்தி எழுதிய சோதனை 'பாஸ்' என்னும், நான் எழுதியது 'ஓகே' என்னும், இன்னொருத்தர் எழுதியது வெறும் 'ஒன்று' என்னும். கூட்டிப் பார்த்தால் நாற்பது சோதனைக்கு முப்பத்தேழு முடிவு வரும். மீதி மூன்று எங்கே போயிற்று என்று அரை நாள் தேடுவோம்.

ரியாஸ் சார் கையை மடித்துக்கொண்டு உட்கார்ந்தார். மூன்றாம் நாள் 'ரிசல்ட் ஃபேக்டரி' என்று ஒரே ஒரு சின்ன ப்ரோக்ராம் எழுதி வைத்தார். இனிமேல் எந்தச் சோதனையும் தன் முடிவைத் தானே எழுதக்கூடாது. என்ன எதிர்பார்த்தது, என்ன வந்தது என்பதை மட்டும் அந்த ஃபேக்டரியிடம் கொடுக்க வேண்டும். அது ஒரு சீட்டு போட்டுத் தரும். ப்ரோக்ராம் எழுதுகிறவர்கள் அதை ஆப்ஜெக்ட் என்பார்கள். எனக்கு அது சீட்டுதான். பெரிய ஆஸ்பத்திரியில் ஒரே ஜன்னலில் ஓ.பி. சீட்டு தருகிறார்களே, அந்த மாதிரி. யாராக இருந்தாலும் அந்த ஜன்னலுக்குத்தான் வரவேண்டும், எல்லாருக்கும் ஒரே மாதிரிச் சீட்டு. சோதனையின் பேர், நேரம், எதிர்பார்த்தது, வந்தது, காரணம், கடைசியில் நிறம். தேறினால் பச்சை. தேறாவிட்டால் சிவப்பு. சோதனை ஓடவே முடியாமல் போனால் மஞ்சள்.

அந்த மஞ்சளுக்காக எல்லாரும் அவரோடு மல்லுக்கு நின்றோம். ஓடாத சோதனைக்கு எதற்கு சார் தனி நிறம், விட்டுவிடலாமே என்றான் கார்த்தி. எங்களில் கெட்டிக்கார ப்ரோக்ராமர் அவன்தான்.

"செவப்பு தானா கத்தும் கார்த்தி. மஞ்சள் கத்தாது. அதனாலதான் அதை நாம போய்ப் பாக்கணும்" என்றார்.

தினமும் காலை பத்து மணிக்குத் திரையில் சீட்டுகளை வரிசையாகப் போட்டு, மஞ்சளைத்தான் முதலில் படிப்பார். ஒவ்வொரு மஞ்சளுக்கும் ஏன் ஓடவில்லை என்று என் கையால் காரணம் எழுதியிருக்க வேண்டும். 'நெட் இல்லை' என்று மொத்தமாக ஒரே வரியில் எழுதினால் திருப்பி அனுப்பிவிடுவார். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக, எந்த இடத்தில் நின்றது என்று எழுதவேண்டும்.

மற்ற நாளில் ஒன்றிரண்டு மஞ்சள் வரும். தொல்லையில்லை. பௌர்ணமிதான் பேஜாரு.

வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். பௌர்ணமி என்றால் எங்கள் ஊருக்குள் பஸ் வராது. எள் போட்டால் எள் விழாத கூட்டம் மலையைச் சுற்றும். அடி அண்ணாமலையிலிருந்து செங்கம் ரோட்டுக்குக் கிரிவலப் பாதையில்தான் நான் வரவேண்டும். எல்லாரும் ஒரு பக்கமாகப் போக, நான் ஒருத்தி மட்டும் எதிர்ப்பக்கமாக வருவேன். "எம்மா, எதிர்ல வர்றியே, இப்படிச் சுத்தக் கூடாதும்மா" என்று ஆந்திராக்காரர்கள், பெங்களூர்க்காரர்கள் எல்லாம் புத்தி சொல்லுவார்கள். "நான் சுத்தலங்க, ஆபீஸ் போறேன்" என்று சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டுவிடும். வியர்த்துக் கொட்டி மாடியேறினால் இன்டர்நெட் படுத்திருக்கும். எங்கள் ஆபீசுக்கு அப்போது டவரிலிருந்துதான் நெட் வந்தது. அத்தனை ஜனமும் போனைத் தூக்கினால் டவர் என்ன செய்யும்? ரத்தப் பரிசோதனை மிஷின் எங்களிடம் கிடையாது. போளூரில் தெரிந்தவர் ஒருவரின் லேப்பில் இருந்த மிஷினோடு நெட் வழியாகப் பேசித்தான் சோதனை செய்தோம். பௌர்ணமி அன்றைக்குப் பதினெட்டு, இருபது சோதனைகள் மஞ்சளாக வந்து நிற்கும். இருபதுக்கும் தனித்தனியாகக் காரணம் எழுத வேண்டும். எழுதுவதற்கு இருபதும் ஒன்றேதான். ஊரில் பௌர்ணமி!

ஒரு பௌர்ணமிக்கு ரியாஸ் சார் தங்கை கல்யாணத்துக்காக ஒரு வாரம் லீவில் போயிருந்தார். அன்றைக்குக் கூட்டத்தில் என் செருப்பு அறுந்துபோய், வெறுங்காலோடு ஆபீஸ் வந்தேன். திரையில் பத்தொன்பது மஞ்சள். எனக்கு வந்த ஆத்திரத்தில் ஃபேக்டரியைத் திறந்தேன். சுவரில் தொங்கிய தினசரி காலண்டரை எடுத்து, அந்த வருஷத்துப் பௌர்ணமித் தேதிகளையெல்லாம் பார்த்துப் பார்த்து உள்ளே போட்டேன். அதன் கீழே ஒரு வரி சேர்த்தேன். இன்று பௌர்ணமி, வந்த பிழை 'தொடர்பு அறுந்தது' என்றால் பச்சைச் சீட்டு கொடு. அவ்வளவுதான். மறுபடி ஓட்டினேன். திரை முழுக்கப் பச்சை, மழை பெய்த மறுநாள் கொல்லை மாதிரி.

"அக்கா, நீங்க எங்கியோ போயிட்டீங்க!" என்றான் கார்த்தி. கீழே ஓடிப்போய் எல்லாருக்கும் வெள்ளைக்காரக் கடை கேக்கு வாங்கி வந்தான். அந்த வரிக்கு 'பௌர்ணமி வரி' என்று பேர் வைத்தோம். எவ்வளவு சிரித்தோம் அன்றைக்கு. பொய் சொல்வானேன், எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. நாற்பது வயதை நெருங்குகிற பொம்பளை, ப்ரோக்ராம் எழுதுகிறவர்களுக்கே வழி காட்டிவிட்டேன் என்று.

அடுத்த பௌர்ணமிக்கு மறுநாள் காலை பத்து மணிக்கு ரியாஸ் சார் திரையைப் பார்த்தார். "என்னக்கா, இந்தப் பௌர்ணமிக்கு மஞ்சளே கம்மியா இருக்குது?"

"லைன் நல்லா இருந்துச்சி சார்."

"பாத்தீங்களா?"

"பாத்தேன் சார்."

சட்டை மடிப்பை இறக்கிப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். நான் பொய் சொல்லுவேன் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. இப்போது நினைத்தாலும் அந்தப் பொத்தான்தான் கண்ணில் நிற்கிறது. அந்த நிமிஷமே சொல்லியிருக்கலாம். அரை நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பார், அதோடு போயிருக்கும்.

நாலு மாதம் ஓடியது. புது வெர்ஷன் ஒன்று லேப்புகளுக்குப் போகவேண்டியிருந்தது. புது வெர்ஷன் போகும்போது மட்டும் ஓடுகிற பெரிய சோதனைகள் சில உண்டு. அதில் ஒன்றின் பேர் 'நடுவில் வயர் அறுந்தால்'. ஒரு நோயாளியின் எண் வந்து முடிந்து, அடுத்தவரின் எண் வந்துகொண்டிருக்கும்போது தொடர்பு அறுந்தால், அந்தக் கட்டம் காலியாக நிற்கவேண்டும். வேறு எதுவும் வரக்கூடாது. அதைத்தான் அது சோதிக்கும். அன்றைக்கு எல்லாம் பச்சை. வெர்ஷன் போயிற்று. அன்றைக்கு என்ன நாள் என்று நான் யோசிக்கக்கூட இல்லை.

அடுத்த வாரம் வியாழக்கிழமை. செங்கம் பக்கத்தில் ஒரு சின்ன லேப்பின் முதலாளி காலையிலேயே ரியாஸ் சாருக்குப் போன் செய்தார். ஏழு மாத கர்ப்பிணி ஒருத்தியின் ரிப்போர்ட்டில் ரத்த அளவு பன்னிரண்டு என்று வந்திருக்கிறது. டாக்டரம்மா அவள் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்துவிட்டு, வெளுத்துக் கிடக்கிறதே, இதில் பன்னிரண்டு எப்படி என்று மறுபடி எடுக்கச் சொல்லியிருக்கிறார். ஆறுதான் இருந்திருக்கிறது. நல்லவேளை, உடனே ரத்தம் ஏற்றி, தாயும் பிள்ளையும் பத்திரம். ஆனால் லேப்புக்குக் கெட்ட பேர்.

"எங்க டெக்னீசியன் பொண்ணுதான் டியூபை மாத்தி வெச்சிருக்குது. ஒத்துக்க மாட்டேங்குது. உங்க சாஃப்ட்வேர்ல ஒண்ணுமில்லனு ரெண்டு வரி லெட்டர் குடுத்துடுங்க. அந்தப் பொண்ணை அனுப்பிட்டு நான் வேற ஆளைப் பாத்துக்கறேன்." ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எல்லாருக்கும் கேட்டது.

"உண்ணாக்கா, அந்த வெர்ஷனோட சீட்டெல்லாம் பிரின்ட் எடுங்க. லெட்டரோட சேத்து அனுப்பலாம்" என்றார் ரியாஸ் சார்.

எடுத்தேன். எல்லாம் பச்சை. மேலே தேதி. அந்தத் தேதியைப் பார்த்ததும் காலண்டரைத் திருப்பிப் பார்த்தேன். முழு நிலா படம் போட்டிருந்தது. பௌர்ணமி.

அப்போதாவது சொன்னேனா? இல்லை. காகிதங்களை அவர் மேஜையில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்துவிட்டேன். பெரியவள் காலேஜில் சேர்ந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. எனக்கு என் வேலைதான் முதலில் ஞாபகம் வந்தது. இருபது மஞ்சளில் இது ஒன்றாகவா இருக்கப்போகிறது, அந்தப் பெண்தான் மாற்றியிருப்பாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முன்பின் பார்த்திராத ஒருத்தி மேல் பழியைத் தூக்கிப் போடுவது எவ்வளவு சுலபமாக இருந்தது என்பதை மறைக்காமல் எழுதவேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

பதினோரு மணிக்கு அவளே வந்துவிட்டாள். முப்பது, முப்பத்திரண்டு வயது இருக்கும். கையில் மஞ்சப்பை, பைக்குள் லேப் ரிஜிஸ்டர். உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை.

"சார், என் பேரு தாமரைச்செல்வி. முதலாளிக்குத் தெரியாம வந்திருக்கேன். நீங்க லெட்டர் குடுத்துட்டா திங்கக்கிழமைல இருந்து எனக்கு வேலை இல்ல. அதோட போவாதுங்க, ரத்தத்தை மாத்தி வெச்சவன்னு பேரு வந்துட்டா இந்த ஜில்லாவுல எவனும் என்னை லேப்புக்குள்ள சேக்க மாட்டான். பதினோரு வருஷமா ஊசி புடிக்கறேன். நான் டியூபை மாத்தலங்க."

"நாங்க எல்லாம் சோதிச்சிட்டோம்மா. ஒண்ணும் வரல" என்றார் ரியாஸ் சார், வருத்தமாக.

"இருக்கலாங்க. உங்களுக்குத்தான் தெரியும். அன்னிக்குக் கரண்ட் ரெண்டு தபா போயி வந்துச்சி, அது ஒண்ணுதான் எனக்குத் தெரியும். அந்தம்மா டியூபு மிஷினுக்குள்ள இருக்கும்போது ஒரு தபா போச்சி. ரிஜிஸ்டர்ல நேரம் குறிச்சி வெச்சிருக்கேன், பாருங்க."

ரியாஸ் சார் லெட்டரில் கையெழுத்துப் போட எடுத்த பேனாவைக் கீழே வைத்தார். ரிஜிஸ்டரைப் பார்த்தார். என் காகிதக் கட்டைப் புரட்டினார். கொஞ்சம் கொஞ்சமாகச் சட்டைக் கையை மடித்துக்கொண்டே என் பக்கம் திரும்பினார்.

"அக்கா, நடுவுல வயர் அறுந்தா என்ன ஆவும்னு ஒரு டெஸ்ட் இருக்கே. பச்சைனு வந்திருக்குது. பாத்தீங்களா?"

"இல்ல சார். நெனச்சேன்."

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். செருப்பு அறுந்தது, காலண்டர், அந்த வரி, கேக்கு, 'லைன் நல்லா இருந்துச்சி' என்ற பொய், எல்லாம். கார்த்தி தலையைக் குனிந்துகொண்டான். தாமரைச்செல்விக்கு நான் சொன்னதில் பாதி புரியவில்லை. என் முகத்தையும் ரியாஸ் சார் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். என் நாற்காலியில் உட்கார்ந்து ஃபேக்டரியைத் திறந்தார். பௌர்ணமி வரியை அழித்தார். போளூருக்குப் போன் செய்து மிஷினில் பரிசோதனைக்கென்று வைத்திருக்கும் இரண்டு டியூபுகளைப் போடச் சொன்னார். முதல் டியூபுக்கு ராமு என்று பேர் போட்டார், இரண்டாவதுக்கு சோமு. ராமுவுக்குப் பன்னிரண்டு வந்தது. சோமுவுடைய எண் வரத் தொடங்கியதும், "அக்கா, வயரைப் புடுங்குங்க" என்றார்.

சுவரோரம் குனிந்து நெட் வயரைப் பிடுங்கினேன். நிமிர்ந்து பார்த்தேன். சோமுவுக்கு நேராகக் கட்டம் காலியாக இருக்கவேண்டும். பன்னிரண்டு என்று இருந்தது. ராமுவின் பன்னிரண்டு.

சோதனை சரியாகத்தான் அலறியிருக்கிறது. அறுந்த தொடர்பைப் புது வெர்ஷன் சமாளிக்கத் தெரியாமல் 'தொடர்பு அறுந்தது' என்று பிழையைக் கக்கியிருக்கிறது. அது மஞ்சளாக வந்திருந்தால் பத்து மணிக்கு ரியாஸ் சார் அதைத்தான் முதலில் படித்திருப்பார். என் வரிதான், பௌர்ணமியென்று பச்சைச் சீட்டு கொடுத்து அனுப்பிவிட்டது.

"இதாங்க!" என்றாள் தாமரைச்செல்வி. "இதேதான். அந்தம்மாவுக்கு முன்னாடி வந்தவருக்குப் பன்னெண்டு." அப்போதுதான் உட்கார்ந்தாள். மஞ்சப்பையை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதாள். ரியாஸ் சார் எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். "தப்பு எங்களுதும்மா" என்றார்.

சாப்பாட்டு நேரம் தாண்டியும் யாரும் எழுந்திருக்கவில்லை. எல்லா லேப்புகளுக்கும் போன் போட்டுப் பழைய வெர்ஷனுக்கு மாறச் சொன்னோம். எந்தெந்த லேப்பில் எப்போது கரண்ட் போனது, அப்போது மிஷினில் யாருடைய டியூபு இருந்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்டுப் பட்டியல் போட்டு, அத்தனை பேரையும் கூப்பிட்டு மறுபடி ரத்தம் எடுக்கச் சொல்ல வைத்தோம். வேறு யாருக்கும் பெரிய வித்தியாசம் வரவில்லை. அது எங்கள் சாமர்த்தியம் இல்லை, அதிர்ஷ்டம்.

லெட்டரில் என் பேரைப் போடுங்கள் என்று நான் அடம்பிடித்தேன். ரியாஸ் சார் கேட்கவில்லை. "லெட்டர் ஆபீஸ் பேர்லதான் போவும். பச்சைனு கையெழுத்து போட்டவன் நானும்தான். ஆனா அதை நீங்களே நேர்ல எடுத்துட்டுப் போயி குடுங்க" என்றார். கொஞ்சம் பொறுத்து, "நாலு மாசமா ஏன்க்கா எங்கிட்ட சொல்லல?" என்று கேட்டார்.

"சொன்னா அந்த வரியைத் தூக்கிடச் சொல்லுவீங்கனு சார்."

"சொல்லியிருப்பேன்" என்றார். அதற்கு மேல் அன்றைக்கும் சரி, பிறகும் சரி, அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

நானும் தாமரைச்செல்வியும் செங்கம் பஸ்ஸில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து போனோம். பாய்ச்சல் கிராமம் தாண்டியதும், "என்னை மன்னிச்சிடும்மா" என்றேன். "வுடுங்கக்கா. சொல்லாமயே இருந்திருக்கலாம், சொன்னீங்களே" என்றாள். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

லேப் முதலாளி லெட்டரை இரண்டு முறை படித்தார். எங்கள் ஆபீசையும் என்னையும் வாங்கு வாங்கென்று வாங்கினார். தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டேன். கடைசியில், "இருந்தாலும் இந்தப் பொண்ணும் கொஞ்சம் கவனிச்சிருக்கணும்" என்றார் பாருங்கள், எனக்குப் பொங்கிவிட்டது.

"என்னாத்தைங்க கவனிக்கணும்? கரண்ட் போனதை நேரத்தோட எழுதி வெச்சிருக்குது. அது எழுதலைனா இந்த நேரம் எத்தினி பேரு தப்பு ரிப்போர்ட்டைக் கையில வெச்சிருப்பான்னு தெரியுமா? தப்பு பண்ணவ நான் நிக்கிறேன் எதிர்ல. திட்டணும்னா என்னைத் திட்டுங்க. அதை ஒரு வார்த்தை சொன்னீங்க, நல்லாருக்காது!"

மனிதர் அசந்துபோய்விட்டார். "சரிம்மா சரி, திங்கக்கிழமை எப்பவும் போல வரச் சொல்லும்மா" என்று, எதிரில் நிற்கிற அவளை விட்டுவிட்டு என்னிடம் சொன்னார். அவள் சிரித்துவிட்டாள். அன்றைக்கு அவள் சிரித்ததை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

மறுநாள் காலை ஃபேக்டரியின் தலைப்பில் அந்தக் குறிப்பை எழுதினேன். 'என்னைக் கேட்காமல் இதில் ஒரு வரியும் சேர்க்காதீர்கள். உ.' காரணம் எழுதவில்லை. புதிதாக வந்தவர்கள் கேட்டால், "அது நுணுக்கமான எடம், கை வெச்சா எல்லாம் கெட்டுடும்" என்று கதை விட்டேன். வருஷங்கள் போகப் போக நானே பத்து மணிக்கு மஞ்சள் படிக்கிற ஆளாகிவிட்டேன். ரியாஸ் சார் வேலையை விட்டு ஆற்காட்டுக்கே திரும்பிப் போனார். என் பிரிவுபசார விழாவுக்கு வந்திருந்தார். 'உண்ணாக்கா கண்ணில் ஒரு தப்பும் தப்பியதில்லை' என்று மேடையில் ஒவ்வொருத்தராகச் சொன்னார்கள். நான் மாலையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முதல் வரிசையில் அவரும் எல்லாரோடும் சேர்ந்து கை தட்டினார். எனக்கு அந்த மாலை முள்ளாகக் குத்தியது.

ஆனாலும் அந்த நாட்களுக்காக இப்போது ஏங்கிப்போயிருக்கிறேன். ரொட்டி வாசனை, கார்த்தியின் கிண்டல், கூட்டத்துக்கு எதிரே நடந்த நடை, மடித்த சட்டைக் கையோடு ஒருத்தர் நம்மை நோக்கி எழுந்து வருகிறபோது வருகிற அந்த திக். இதெல்லாம் திரும்பக் கிடைக்கும் என்றால் இன்றைக்கே இருபது மஞ்சளுக்கும் காரணம் எழுதுவேன், தனித்தனியாக.

தாமரைச்செல்வியின் கணக்கு அந்த பஸ்ஸிலேயே தீர்ந்துவிட்டது என்றுதான் இத்தனை வருஷமும் இருந்தேன். போன தை மாதம் எனக்குச் சர்க்கரை பார்க்கவேண்டியிருந்தது. டவுனில் ஒரு லேப்புக்குப் போனேன். ஊசியோடு வந்தவள் அவள். தலை பாதி நரைத்திருந்தது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கண்டுகொண்டோம். அந்தக் கர்ப்பிணிக்குப் பெண் குழந்தை பிறந்தது, இப்போது காலேஜில் ஓட்டப்பந்தயத்தில் பரிசெல்லாம் வாங்குகிறது என்று சொன்னாள். ரத்தம் எடுத்தாள். டியூபில் என் பேரை எழுதி, என் கண்ணுக்கு நேராக நீட்டினாள்.

"படிங்கக்கா."

"என்னாத்துக்கு?"

"பேரை வாய்விட்டுப் படிங்க. எல்லாருகிட்டயும் கேப்பேன்."

"உண்ணாமலை" என்று படித்தேன். "நல்ல பழக்கம். யாரு சொல்லிக் குடுத்தாங்க?"

அவள் டியூபை ஸ்டாண்டில் வைத்தாள். மறுபடி ஒரு முறை அதில் இருந்த பேரைப் பார்த்துக்கொண்டாள்.

"யாரும் இல்லக்கா. அப்ப உங்க ஆபீசுக்கு வர்றதுக்கு முன்னாடி நாலு நாளு, எல்லாரும் நீதான் மாத்துன நீதான் மாத்துனனு சொன்னாங்க இல்ல? மூணாவது நாளு எனக்கே சந்தேகம் வந்துடுச்சி. ஒருவேளை மாத்திட்டமோனு. அப்புறம் உங்க கம்ப்யூட்டர்ல கண்ணால பாத்தேன். பாத்துட்டு அழுதேன். அப்படியும் அது போவலக்கா. இன்னிக்கும் ஒவ்வொரு டியூபு எடுக்கும்போதும் வருது. அதான், யாராவது ஒருத்தர் கூட இருந்து படிச்சிட்டா கொஞ்சம் தேவலை."

பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டாள். நான் பஞ்சைப் பிடித்தபடி அங்கேயே ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். வேலையை அவளுக்குத் திருப்பி வாங்கிக் கொடுத்துவிட்டேன் என்று இத்தனை வருஷம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டிருந்தவள் நான்.

திவ்யா, நீ கேட்டதற்குப் பதில் இதுதான். என் குறிப்பைத் தூக்கிவிடு. கையை ஒடிக்கமாட்டேன். அது என் மானத்தைக் காப்பாற்ற நான் போட்டது. புது ப்ரோக்ராமிலும் சீட்டு போடுகிற ஜன்னல் ஒன்று இருக்கும் இல்லையா? அதன் தலைப்பில் என் குறிப்பு இருந்த இடத்தில் வேறொரு வரி போடவேண்டும். அதில் பேர் இருப்பவள் யாரென்று யாராவது கேட்டால் இந்தக் கட்டுரையைக் கொடு. என் பேரையும் முழுசாகப் போடு, முதலெழுத்து மட்டும் போதாது.

'தாமரைச்செல்வி டியூபை மாற்றவில்லை. நான் பார்த்தேன். உண்ணாமலை.'